அமைச்சரின் அடுக்களை

பதவி நீங்கிய அரசியல்வாதியைப் பற்றி நம் மனத்தில் இரண்டு சித்திரங்களே பதிந்துள்ளன. ஒருவர், ஆட்சியிலிருந்த காலத்தில் தாம் சலுகை வழங்கிய கம்பனிகளின் இயக்குநர் சபைகளில் ஆசனம் தேடிக்கொள்பவர். மற்றவர், அடுத்த தேர்தல் வரும்வரை வீட்டு விறாந்தையில் சாய்கதிரை போட்டுக் காத்திருப்பவர். இவ்விருவரையும் ஏளனஞ் செய்து பழகிய நாம், மூன்றாவது வகையினர் ஒருவர் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆட்சிக்கு முன்னரும் பின்னரும், ஏன், ஆட்சியிலிருந்தபோதுங்கூடப் பல தொழில்களில் ஈடுபட்டு, அவற்றுள் எதனையும் மறைக்காது வாழ்ந்த மனிதரை எங்கே வைப்பது? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழியை உடனே எடுத்து வீசுகின்றோம். முற்போக்குச் சிந்தனையாளர் எனத் தம்மைக் கருதுவோரிடையே இப்பழமொழிக்கு இன்னும் கூடுதலான மதிப்புண்டு. மக்கள் விடுதலைக்கு உழைப்பவன் ஒரே நோக்கும் ஒரே உடையும் ஒரே உணவும் உடையவனாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் நம்முள் வேரோடியிருக்கின்றது. இவ்வெண்ணம் சரிதானா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் வினா.

வினாவை வெறுமையிலே நின்று ஆராய இயலாது. ஆதலின் ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். தெற்கு அவுஸ்திரேலிய மாநிலத்தின் சட்டமா அதிபராகவும் ஆதிக்குடிகள் விவகார அமைச்சராகவும் 1965 இல் பதவியேற்று, 1967 முதல் 1968 வரையும், பின்னர் 1970 முதல் 1979 வரையும் முதலமைச்சராகவும் இருந்த டொன் டன்ஸ்டன் அவர். வழக்கறிஞர், வானொலி நாடக நடிகர், சமையல் நூலாசிரியர், சுற்றுலாத்துறைப் பணிப்பாளர், பட்டினி ஒழிப்பு இயக்கத்தின் தேசியத் தலைவர், உணவகக்காரர், பல்கலைக்கழக விரிவுரையாளர் எனப் பல பட்டங்களை அவர் பெயரின் பின்னால் அடுக்கலாம். இப்பட்டியலைக் கேட்டதும் வாசகருட் சிலர் புன்னகை செய்வர். நாமும் முதலிற் புன்னகை செய்தோம்.

டன்ஸ்டன் பிறந்தது அவுஸ்திரேலியாவில் அன்று. பிஜித் தீவின் சுவா நகரில், 1926 ஆம் ஆண்டு. தந்தையார் அங்கே வணிக நிறுவனமொன்றின் அலுவலர். அத்தீவின் அன்றைய நிலையை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஏனெனில் அது நம் இனத்தவரின் கண்ணீர் சிந்திய மண்ணுமாகும். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1903 இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அக்கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்கள் வெட்டிய கரும்பைப் பிழிந்த ஆலைகள் சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட அவுஸ்திரேலியச் சீனிக் கம்பனிக்குச் சொந்தமானவை. டன்ஸ்டன் பிறந்த அதே 1926 இலேதான் நாடி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது. தங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கூலிகளின் மக்கள் கூடிப் பேசிய அந்நாட்களில், வெள்ளை வணிகரின் பிள்ளையொன்று அதே தீவிலே தொட்டிலில் ஆடியது.

வெள்ளையர் வீட்டுப் பிள்ளை இந்தியப் பிள்ளையோடும் பிஜியப் பிள்ளையோடும் பழகுதல் அங்கே ஒவ்வாத செயல். அச்சிறுவன் பழகினான், பெரியோர் முகஞ்சுளித்தனர். இதனை மிகைப்படுத்தி, குழந்தைப் பருவத்திலேயே சமத்துவ ஞானம் பெற்றார் என்று புராணம் பாட நாம் விரும்பவில்லை. குழந்தைகள் எங்கும் அவ்வாறுதான். சாதியையும் நிறத்தையும் வளர்ந்தவர்கள்தாம் கற்பிக்கின்றனர். கவனிக்கத்தக்கது யாதெனில், கற்பித்த பாடம் இவர் நெஞ்சில் ஒட்டாமற் போனதே. அடலெய்ட்டில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் சென் பீற்றர்ஸ் கல்லூரியிற் கற்று, பல்கலைக்கழகத்திற் சட்டமும் கலையும் பயின்ற பின்னர், யூத அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்ணை மணந்து அவர் மீண்டும் பிஜிக்கே சென்றார். அங்கே சில காலம் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1951 அளவில் அடலெய்ட் திரும்பினார். 1953 இல் நோர்வுட் தொகுதியின் உறுப்பினரானார். அத்தொகுதியில் இத்தாலியக் குடியேறிகள் பெருந்தொகையினர். அவர்களது மொழியை அவர் கற்றுக்கொண்டார்.

அவருடைய அரசியலின் முதற் பெருஞ் சோதனை 1959 இல் வந்தது. செடூனா என்னுங் கரையோர ஊரில் 1958 டிசம்பரில் ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி கொல்லப்பட்டாள். மாக்ஸ் ஸ்டுவட் என்ற ஆதிக்குடி இளைஞர் கைது செய்யப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டார். அவருக்கு எதிரான முதன்மைச் சான்று பொலிசார் எழுதிப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலம். எழுத்தறிவற்ற அம்மனிதர் பேசக்கூடிய ஆங்கிலமே அதுவன்று என்று அவரது அறண்டா மொழியை நன்கறிந்த மொழியியலறிஞர் ஸ்ட்ரேலோ கூறினார். ஒரு மனிதன் தன் வாயாற் சொன்னதாகக் காட்டப்படும் சொற்கள் அவன் வாயில் எழக்கூடியவையா என்ற கேள்வி, மொழியைப் பற்றி எழுதும் நமக்கும் உரியதே. டன்ஸ்டன் பாராளுமன்றத்தில் இவ்வழக்கை எழுப்பினார். ஆணைக்குழு அமைக்கப்பட்டது, தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. ஸ்டுவட் குற்றவாளியா அல்லரா என்பது பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஐயத்தின் மீது ஒருவனைத் தூக்கிலிடும் உரிமை அரசுக்கு இல்லை என்ற உண்மை அவ்வழக்கால் அம்மாநிலத்தின் மனச்சாட்சியில் ஆணியாய் இறங்கியது. 1976 இல் டன்ஸ்டனின் அரசாங்கமே மரண தண்டனையை ஒழித்தது.

அமைச்சராக அவர் இயற்றியவற்றுள் சிலவற்றை மாத்திரம் குறிப்பிடுவோம். 1966 இல் நிறத்தின் பேரிலும் பிறந்த நாட்டின் பேரிலும் ஒருவரைக் கடையிலிருந்தோ வேலையிலிருந்தோ விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம். அவுஸ்திரேலியாவில் அதுவே முதல். அதே ஆண்டில் ஆதிக்குடிகளின் நில நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம். மண்ணைப் பறித்தவர்களின் சட்டமன்றம், பறித்த மண்ணிற் சிறு பகுதியையேனும் பறிகொடுத்தவர்களின் பெயரில் எழுதிக்கொடுத்த முதல் நிகழ்ச்சி அது. வெள்ளை அவுஸ்திரேலியா என்னுங் கொள்கை 1965 இல் தொழிற்கட்சியின் வேலைத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டதற்கு உழைத்தோரில் டன்ஸ்டன் முக்கியமானவர். அக்கொள்கையின் கீழ் இலங்கைப் பறங்கியருங்கூடத் தம் முன்னோரின் ஐரோப்பிய இரத்தத்தை நிறுவிக் காட்டியே அக்கரை ஏற முடிந்தது என்பதை நம் வாசகர் அறிவர். 1976 இல் டக்ளஸ் நிக்கல்ஸ் என்னும் ஆதிக்குடிப் பெரியாரை மாநில ஆளுநராக்கினார். அவரும் பந்தாட்ட வீரராகவும் போதகராகவும் இருந்தவர். பல மரங் கண்ட இன்னொரு தச்சர்.

இவற்றையெல்லாம் செய்ய எத்தகைய தடைகளிருந்தன என்பதையுஞ் சொல்லுதல் வேண்டும். கீழ்ச்சபையின் 39 ஆசனங்களில் 26 நாட்டுப்புறத்துக்கும் 13 தலைநகருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. மக்களிற் பெரும்பாலோரோ தலைநகரில் வாழ்ந்தனர். நிலமுடையோரின் கட்சி இவ்வொழுங்கின் துணையால் தோமஸ் பிளேபோட் என்னும் முதலமைச்சரின் கீழ் 1938 முதல் 1965 வரை இடையறாது ஆண்டது. 1968 தேர்தலில் டன்ஸ்டனின் கட்சி செலுத்தப்பட்ட வாக்குகளிற் பாதிக்கும் அதிகமானவற்றைப் பெற்றும் ஆட்சியை இழந்தது. மேற்சபைக்கு வாக்களிக்கும் உரிமை 1973 வரை சொத்துடையோர் முதலான சிலருக்கே இருந்தது. ஆங்கில ஜனநாயகத்தின் பெருமையை நமக்குப் பாடப்புத்தகங்களிற் கற்பித்தவர்கள், இத்தகைய அதிகாரங்களை அப்புத்தகங்களிற் சேர்க்க மறந்துவிட்டனர்.

இனி நம் வினாவின் நடுநாடியைத் தொடுவோம். 1978 ஜனவரியில் டன்ஸ்டனின் அரசாங்கம் மாநிலப் பொலிஸ் ஆணையாளர் ஹரல்ட் சோல்ஸ்பரியைப் பதவி நீக்கியது. இங்கிலாந்திலிருந்து 1972 இல் வந்து பதவியேற்றவர் அவர். பொலிஸ் படையின் விசேட பிரிவு இரகசியக் கோப்புகளைப் பேணி வந்தது. பத்திரிகையில் எழுந்த கேள்வியின் பின்னர், நீதிபதி வைற் அக்கோப்புகளை ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான கோப்புகளும் பல்லாயிரம் குறிப்பட்டைகளும் அங்கே கிடந்தன. யாரைப் பற்றி? தொழிற்சங்கத்தாரைப் பற்றி, தொழிற்கட்சி உறுப்பினர்களைப் பற்றி, சமாதான இயக்கத்தினரைப் பற்றி, பெண்விடுதலை கேட்டோரைப் பற்றி, பேராசிரியர்களைப் பற்றி, சமபாலுறவினரைப் பற்றி. நாட்டின் பாதுகாப்புக்கும் இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று நீதிபதி கண்டார். இப்பிரிவு பற்றி ஆணையாளர் அரசாங்கத்துக்கு அளித்த விளக்கங்கள் அரசாங்கத்தைத் தவறான வழியிற் செலுத்தின என்பதே குற்றச்சாட்டு.

ஆணையாளர் கூறிய மறுமொழி ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. தாம் கடமைப்பட்டிருப்பது சட்டத்துக்கும் முடிக்குமேயன்றி, தேர்தலில் வந்துபோகும் அரசாங்கத்துக்கன்று என்பது அவரது நிலை. இந்நிலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆளுங்கட்சியின் ஏவலாளாகப் பொலிஸ் ஆகிவிடும்போது நேரும் கேட்டினை அறிந்த எவரும், அரசியல்வாதியின் கைக்கு எட்டாத காவற்படை வேண்டுமென்ற ஆசைக்கு இடங்கொடுப்பர். ஆயிரக்கணக்கான மக்கள் ஆணையாளருக்கு ஆதரவாக அடலெய்ட்டில் ஒன்று கூடினர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அவர்களெல்லாரும் கெட்டவர்களல்லர்.

ஆயினும், முடி என்பது யார்? உலகின் மறுகோடியில், இலண்டன் மாநகரின் மாளிகையில் அன்று வாழ்ந்த ஓர் அரசியார். அவர் அக்கோப்புகளைப் பார்க்கப்போவதில்லை, பார்க்கக் கேட்கப்போவதுமில்லை. சட்டம் என்பது யார்? அதற்கு வாயில்லை, அதன் பெயரிற் பேசுபவனுக்கே வாயுண்டு. வாயற்ற ஒன்றுக்கே தாம் பொறுப்பு என்று ஒருவர் சொன்னால், யாருக்குமே தாம் பொறுப்பல்லர் என்று அவர் சொல்லுகின்றார். கடவுளுக்கு மட்டுமே கணக்குக் காட்டுவேன் என்று சொன்ன மன்னர்களுக்கும் இவ்வாணையாளருக்கும் வேற்றுமை என்ன என்று நாம் வினவுகின்றோம். கட்சிக்கு அடங்கிய பொலிஸ் தீது. அதற்கு மாற்று, எவருக்கும் அடங்காத பொலிஸ் அன்று. பாராளுமன்றத்தின் முன் உண்மை சொல்லக் கடமைப்பட்ட பொலிசே மாற்று. ஆணையாளரிடம் அரசாங்கம் கேட்டது கீழ்ப்படிவையன்று, உண்மையையே. அதே ஆண்டில் நீதியரசர் றோமா மிற்செல் தலைமையில் அமைந்த ஆணைக்குழுவும் பதவிநீக்கம் நியாயமானதென்றே முடிவு செய்தது. 1965 இல், டன்ஸ்டன் சட்டமா அதிபராயிருந்தபோது, அவுஸ்திரேலியாவின் உயர்நீதிமன்றமொன்றுக்கு நியமிக்கப்பட்ட முதற் பெண் அவர்.

எனினும் ஒரு முள் எஞ்சி நிற்கின்றது. அத்தகைய பிரிவு ஒன்று இருப்பதை டன்ஸ்டன் முன்னரே அறிந்திருந்தார். ஆட்சிக்கு வந்து ஏழாண்டுகள் கழிந்த பின், பத்திரிகை கேட்ட பின்பே கதவு திறக்கப்பட்டது. கோப்புகளில் எழுதப்பட்டவர்களுக்கு அவ்வேழாண்டுகள் குறைந்த காலமல்ல. தாம் அமர்ந்திருக்கும் வீட்டின் நிலவறையில் என்ன கிடக்கின்றதென்று பார்க்காதிருப்பது, ஆள்வோரை எப்போதும் பிடிக்கும் நோய். நல்ல ஆள்வோரையும் அது விட்டு வைப்பதில்லை.

இவ்விடத்தில் நம் தோழர்கள் குறுக்கிடுவர். இவையெல்லாம் மேற்கட்டுமானம், நண்பரே. அடித்தளத்தில் அவர் கைவைத்தாரா என்பர். உடைமையுறவு மாறிற்றா? மோட்டார் தொழிற்சாலை முதலாளி தொழிற்சாலையை இழந்தாரா? இக்கேள்வியில் நியாயமுண்டு, அதைவிடச் சுவையான ஓர் உண்மையுமுண்டு. அடலெய்ட் மின்சாரக் கம்பனியை 1946 இல் தனியார் கையினின்றும் எடுத்து அரசுடைமையாக்கியவர் தொழிற்கட்சியாரல்லர், பழமைவாதியான பிளேபோட்டே. ஏழைகளுக்கு வீடு கட்டும் அரச நிறுவனம் டன்ஸ்டனுக்கு முப்பதாண்டுகள் முன்னரே எழுந்தது. சொத்துரிமையில் பழமைவாதி செய்த காரியத்தை முற்போக்காளர் செய்யவில்லை. மனித உரிமையில் முற்போக்காளர் செய்ததைப் பழமைவாதி கனவிலும் கருதவில்லை. வரலாறு நம் கட்டங்களுக்குள் அடங்கி உட்கார மறுக்கின்றது. தொழிலாளர் நிர்வாகத்திற் பங்கு பெறும் திட்டங்களை டன்ஸ்டன் பேசினார். அவை பெரும்பாலும் பேச்சளவில் நின்றன. மரே பிறிட்ஜ் அருகே மொனாற்றோ என்ற புதிய நகரைக் கட்டப் போவதாகச் சட்டமியற்றி, நிலம் வாங்கி, மரம் நட்டனர். எதிர்பார்த்த மக்கட்பெருக்கம் வரவில்லை. 1980 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நிலத்தை விட்டெழுந்த விவசாயிகளின் பார்வையில் அது சீர்திருத்தமாகத் தோன்றியிராது.

ஆனால் தோழர்களின் மற்றொரு குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை. டன்ஸ்டன் சுகவாசி, அலங்காரப் பிரியர் என்பது அது. 1972 இல் இளஞ்சிவப்பு நிறக் காற்சட்டை அணிந்து பாராளுமன்றப் படியேறினார். 1976 இல் முதலமைச்சராயிருந்தபோதே சமையல் நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டு ஜனவரியில், நிலநடுக்கமும் பேரலையும் வந்து நகரை அழிக்குமென ஒருவர் ஆரூடங்கூறி மக்கள் கலங்கியபோது, குறித்த நாளில் கிளெனெல்க் கடற்கரைக்குத் தாமே சென்று கூட்டத்தினிடையே நின்றார். அலை வரவில்லை. இவற்றைக் கோமாளித்தனம் என்பாரும் உளர்.

அக்காலத்து மதுச்சாலைகளின் கதையை அறிந்தோர் அவ்வாறு சொல்லார். 1967 வரை தெற்கு அவுஸ்திரேலியாவில் மதுச்சாலைகள் மாலை ஆறு மணிக்கே மூடப்பட வேண்டும். ஐந்து மணிக்கு வேலை விட்டுவரும் தொழிலாளி, எஞ்சிய ஒரு மணி நேரத்துள், நின்றபடியே, தோளோடு தோள் இடித்து, குடிக்கக்கூடியதெல்லாவற்றையும் விழுங்கி, வெறியேறிய நிலையில் வீதிக்குத் தள்ளப்பட்டான். கழகங்களில் உறுப்பினரான கனவான்களோ இரவு விருந்தில் ஆறஅமர அருந்தினர். ஒழுக்கத்தின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம், தொழிலாளியை மிருகமாக்கிவிட்டு, பின்னர் அவன் மிருகமென்று பழித்தது. இந்நிலையை மாற்றியது டன்ஸ்டன் ஆட்சி. நாம் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நிதானமாக உட்கார்ந்து உண்பதும் பேசுவதும் நாடகம் பார்ப்பதும் செல்வர்க்கே உரியவை, உழைப்போனுக்கு வயிறு நிரம்பினாற் போதும் என்ற கருத்தே இங்கு எதிர்க்கப்பட வேண்டியது. துறவை ஏழைக்கு உபதேசிக்கும் முற்போக்கும் அவனுக்கு அதனை விதிக்கும் முதலாளித்துவமும் ஓரிடத்தில் வந்து கைகோத்துக்கொள்கின்றன. 1973 இல் அடலெய்ட்டில் விழா மண்டபம் திறக்கப்பட்டது. 1972 இல் தோன்றிய மாநிலத் திரைப்பட நிறுவனம் முதலில் எடுத்த படங்களுள் ஒன்று, கம்பளி மயிர் கத்தரிக்கும் கூலியாட்களின் வாழ்வையும் 1950களின் நடுவில் அவர்கள் செய்த வேலைநிறுத்தத்தையும் பற்றியது. உழைப்பாளியை நாடகத்துக்கு அழைத்ததோடு நில்லாது அவனையே கதைப்பொருளுமாக்கினர். அடுக்களையை அறிந்த அமைச்சருக்கே, பசி தீர்வது வேறு, விருந்தில் அமர்வது வேறு என்பது புலனாகும் போலும்.

இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கடினமானது. 1972 மே 10 ஆம் திகதி இரவு, அடலெய்ட்டின் டொறன்ஸ் ஆற்றில் ஜோர்ஜ் டங்கன் என்ற சட்ட விரிவுரையாளர் வீசப்பட்டு மூழ்கி இறந்தார். சமபாலுறவினர் கூடும் கரை அது. பொலிஸ் உத்தியோகத்தர் மீது ஐயம் விழுந்தது, பல்லாண்டுகள் பின்னர் வழக்காடப்பட்ட முன்னாள் உத்தியோகத்தர் இருவர் விடுதலையாயினர், எவரும் தண்டிக்கப்படவில்லை. அம்மரணம் எழுப்பிய அதிர்ச்சியிலிருந்து, 1975 இல், முதிர்ந்தோரிடையே சம்மதத்தோடு நிகழும் சமபாலுறவு குற்றமன்று என்னுஞ் சட்டம் பிறந்தது. அவுஸ்திரேலிய மாநிலங்களுள் முதன்முதல் தெற்கு அவுஸ்திரேலியாவே அதனை இயற்றியது. மசோதாவைக் கொண்டுவந்தவர் டன்ஸ்டனல்லர். அவர் பின்னாலே நின்றார். இருமுறை பெண்களை மணந்த அவர், பிற்காலத்தில் ஓர் ஆணைத் தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டு இறுதிவரை வாழ்ந்தார். பதவியிலிருந்த காலத்தில் தம்மைப் பற்றி அவர் வெளிப்படப் பேசவில்லை. வதந்தி மட்டும் வீதிதோறும் உலாவியது. 1979 இல் நூலாகவும் வந்தது.

இம்மௌனம் கோழைத்தனமா? பாசாங்கா? இளைஞர் சிலர் அவ்வாறே கருதுகின்றனர். உண்மை பேசாத ஆணையாளரைப் பதவி நீக்கியவர் தம் உண்மையை மறைத்தார் அன்றோ என்பது அவர்களது வாதம். கேட்பதற்குக் கூர்மையான வாதந்தான். நாம் அதனை நெடுநேரம் சிந்தித்தோம். ஆணையாளர் மறைத்தது பிறரைப் பற்றிய கோப்புகளை. அதுவும் அதிகாரத்தின் துணைகொண்டு திரட்டியவற்றை. அவற்றை அறிய மக்களுக்கு உரிமையுண்டு. தம் படுக்கையறையைப் பற்றி ஒருவர் பேசாதிருப்பதோ எவருடைய உரிமையையும் பறிப்பதில்லை. இரண்டையும் மறைவு என்ற ஒரே சொல்லால் அழைப்பது, கொள்ளையையும் சேமிப்பையும் பணம் வைத்திருத்தல் என்ற ஒரே சொல்லால் அழைப்பதை ஒக்கும். 1975 இல் அவர் எழுந்து நின்று தம்மைப் பற்றிச் சொல்லியிருந்தால் அச்சட்டம் நிறைவேறியிருக்குமா என்பதும் ஐயமே. தமக்காகச் சட்டமியற்றுகின்றார் என்று எதிரிகள் ஆர்ப்பரித்திருப்பர். ஆனாலும், ஆற்றங்கரையில் அஞ்சி நின்ற எளியவனுக்கு அன்று ஒரு முதலமைச்சரின் வாய்ச்சொல் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது நம் மனம் முழுமையாக அமைதியடைவதில்லை. நியாயமான மௌனத்துக்கும் விலையுண்டு. பெரும்பாலும் அவ்விலையைப் பேசாதவர் செலுத்துவதில்லை, பிறர் செலுத்துகின்றனர்.

1978 அக்டோபரில் அவருடைய இரண்டாம் மனைவியார் புற்றுநோயால் இறந்தார். 1979 பெப்ரவரி 15 ஆம் திகதி, நோயுற்றிருந்த டன்ஸ்டன், மருத்துவமனையில் இரவங்கியோடு செய்தியாளரைச் சந்தித்துப் பதவி துறந்தார். அப்போது வயது 52. அதன் பின்னர் அவர் வாழ்ந்த இருபதாண்டுகளையே நாம் இக்கட்டுரையின் தொடக்கத்திற் குறிப்பிட்ட பழமொழி குறிவைக்கின்றது. விக்ரோரியா மாநிலத்தின் சுற்றுலாத்துறைப் பணிப்பாளராக 1982 முதல் 1986 வரை சம்பளத்துக்கு வேலை பார்த்தார். நூல் வெளியீட்டு விழாவொன்றில் எடுக்கப்பட்ட நிழற்படத்தால் மூண்ட பரபரப்பின் பின் அவ்வேலையை விட்டார். ஒரு மாநிலத்தை ஆண்டவர் இன்னொரு மாநிலத்தின் உத்தியோகத்தராக, வேறோர் அமைச்சரின் கீழ் அமர்ந்தமை மானக்கேடு என்று பலர் பேசினர். இதில் மானக்கேடு எங்கேயுள்ளதென்று நமக்கு விளங்கவில்லை. ஆட்சியும் ஒரு வேலைதான் என்று மேடையிற் சொல்லும் நாம், அவ்வேலை முடிந்த பின் ஒருவர் வேறு வேலைக்குப் போனால் திடுக்கிடுவது ஏன்? அமைச்சர் பதவியை அரசுரிமையாகவே நம் உள்மனம் இன்னும் கருதுவதாலன்றோ? முடிதுறந்த மன்னன் வனம் புகலாம், கூலிக்கு உழைக்கலாகாது!

1994 இல் அவர் தம் துணைவருடன் நோர்வுட்டில் உணவகம் திறந்தார். நாற்பதாண்டுகளுக்கு முன் வாக்குக் கேட்டு வீடு வீடாகச் சென்ற அதே தொகுதியில், உண்ண வந்தோரை வாசலில் நின்று வரவேற்றார். பெருஞ்செல்வர் கம்பனிகளின் இயக்குநராய் அமராதவர், சட்டி பானைகளின் நடுவே நின்றார். விலைப்பட்டியலைக் கண்டு தொழிலாளி எவனும் தயங்காது உள்ளே நுழைந்திருப்பான் என்று சொல்ல நாம் துணியவில்லை. பசியைப் பற்றிப் பேசும் இயக்கத்தின் தலைவராயிருந்தவர் உணவை விற்றாரே என்று கேலி செய்தாருக்கும், சமைக்கத் தெரியாதவர்களே பசியைப் பற்றி அதிகம் பேசுகின்றனர் என்று மறுமொழி கூறலாம். ஆனால் அது வாய்வீச்சு. உண்மையான மறுமொழி, அவர் அங்கேயே அடங்கிவிடவில்லை என்பது. தென்னாபிரிக்க விடுதலைக்கு உதவி திரட்டினார்; பல்கலைக்கழகத்திற் கற்பித்தார்.

1998 இல், புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையில், அடலெய்ட்டில் அவர் நீண்டதொரு பேருரை நிகழ்த்தினார். சந்தையின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கி நிற்பது மக்களைக் கைவிடுவதாகும் என்பது அவ்வுரையின் கருத்து. தம் சொந்தக் கட்சியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அன்று மாநிலத்தில் எரிந்துகொண்டிருந்த பிரச்சினை மின்சாரம்: பழமைவாதி பிளேபோட் அரசுடைமையாக்கிய மின்சாரத்தை, பிளேபோட்டின் கட்சியே தனியாருக்கு விற்க முற்பட்டிருந்தது. டன்ஸ்டன் 1999 பெப்ரவரி 6 ஆம் திகதி காலமானார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் மின்சாரத்தை நெடுங்குத்தகைக்கு விடும் சட்டம் நிறைவேறியது. 2000 ஜனவரியில் ஹொங்கொங் கம்பனியொன்று அதனைப் பொறுப்பேற்றது.